சுஷிமாவின் பொய் முத்திரை

1592 முதல் 1598 வரை கொரியாவை யப்பானியப் படைகள் சூறையாடின. இடைக்கடலிற் கிடந்த சுஷிமாத் தீவுக்கோ சோற்றுக் கவலை. மலைநிலம், நெல் அரிது, கொரிய வாணிபமே அதன் உலைப்பானை.

யப்பானே முதலிற் கடிதம் எழுதவேண்டும், அரச சமாதிகளைத் தோண்டியோரை ஒப்படைக்கவேண்டும் என்றது கொரியா. சுஷிமாவை ஆண்ட சோ குலத்தார் கடிதத்தைத் தாமே புனைந்து, முத்திரையும் குத்தினர். தோண்டியோர் என்று இரு கைதிகளை அனுப்பினர். கொரிய அரசவை ஐயுற்றது. ஆயினும் அவர்களைக் கொன்று, கடிதத்தை ஏற்றது. சமாதானத்தின் முதற்பலி அந்தப் பேதைகள்தாம்! 1607இல் கொரியத் தூதுக்குழு யப்பான் சென்றது. 1609இல் வாணிப உடன்படிக்கை பிறந்தது.

1635இல் விசாரணை முடிந்தபோது, ஷோகுன் இயெமிட்சு சோ குலத்தைப் பதவியில் விட்டுவைத்தார்; குட்டை உடைத்த யனகாவாவையே வடகோடிக்குக் கடத்தினார். வாணிபம் பூசானில் தொடர்ந்தது. மரத்திற் செதுக்கிய அப்போலி முத்திரைகளை இன்றும் கியூஷு தேசிய அருங்காட்சியகத்திற் காணலாம்.