கறுப்பின் ஏழாவது நகர்வு

சதுரங்கத்தில் கறுப்புக்கு ஆடுகிறவன் ஒரு நகர்வு பின்தங்கியே தொடங்குகிறான். இந்தப் பின்தங்கலை என்ன செய்வது என்பதுதான் தடுப்பாட்டங்களின் சரித்திரம். நம்மிடையே சதுரங்கம் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் வெற்றிப் பட்டியல்கள்; பலகைக்குள் இறங்குவதில்லை.

1850களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீலுடன் மகேஷ்சந்திர பானர்ஜி ஆடிய ஆட்டங்கள் அச்சில் கிடைக்கின்றன. நம் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வந்தவர், நடுப்பலகையை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, மந்திரியை ஓரத்தில் ஒதுக்கி வைத்து, பிறகு மையத்தைத் தாக்கினார். ஐரோப்பியக் கண்ணுக்கு அது விநோதம். 1855-ல் அவர் ஆடிய ஒரு வரிசையைத்தான் 1922-ல் வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ருன்ஃபெல்ட் தன் பெயரில் நிலைநாட்டினார். 'இந்தியத் தடுப்புகள்' என்ற குடும்பப் பெயரில் மட்டும் வங்காளியின் சாயல் மிஞ்சியிருக்கிறது.

2010 ஏப்ரலில், சோபியாவில், உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்த் தோற்றது இந்த க்ருன்ஃபெல்டில்தான். தயாரித்து வந்த வரிசையைக் குழப்பிக்கொண்டார். முப்பதே நகர்வுகளில் டோபலோவ் முடித்துவிட்டார். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து சாலை வழியாக வந்து சேர்ந்தவர் அவர். (மலையையே அக்கினி என்று வணங்கும் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது.) மூன்று நாள் அவகாசம் கேட்டார், ஒரு நாள் கிடைத்தது.

பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது ஐந்தரைக்கு ஐந்தரை. ஆனந்தின் இரண்டு வெற்றிகளும் வெள்ளையில், இரண்டு தோல்விகளும் கறுப்பில். மே 11 அன்று, கடைசி ஆட்டத்தில், மீண்டும் கறுப்பு.

அவர் எடுத்தது லாஸ்கர் தடுப்பு. 1907-ல் இமானுவேல் லாஸ்கர் மார்ஷலுக்கு எதிராக ஆடியது. 2010-ல் அநேகமாக அலமாரிக்குப் போய்விட்ட சரக்கு. ஏழாவது நகர்வில் கறுப்புக் குதிரை நடுப்பலகையில் பாய்ந்து நின்று, மந்திரிக்கு மந்திரி, குதிரைக்குக் குதிரை என்று பரிவர்த்தனை கேட்கிறது. இடம் குறைவாக உள்ள வீட்டில் சாமான்களைக் குறைக்கிற காரியம் இது. இதில் அழகு இல்லை என்பார்கள். எனக்கு இதன் கஞ்சத்தனமே பிடித்திருக்கிறது. எதிரி தாக்குவதற்கு எதையும் வைக்காதது பயமல்ல. அவன் பொறுமையைப் பரீட்சிப்பது.

டோபலோவுக்குப் பொறுமை இல்லை. ஆட்டம் சமனானால் அடுத்தது வேக ஆட்டங்கள். அதில் ஆனந்த் வலுவானவர் என்பது ஊரறிந்த விஷயம். 31, 32-ஆவது நகர்வுகளில் வெள்ளைச் சிப்பாய்கள் அடுத்தடுத்து வெட்டின. மூலைவாட்டம் திறந்தது, கடைசிவரை காத்திருந்த மந்திரியும் ராணியும் அதில் நுழைந்தார்கள். வெள்ளை ராஜா வெட்டவெளிக்கு இழுக்கப்பட்டார். 56 நகர்வுகளில் ஆட்டமும் பட்டமும் ஆனந்திடம்.

2013 நவம்பரில், சென்னையில், கார்ல்சன் இதே பாடத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் எடுத்தது பெர்லின் தடுப்பு. 2000-த்தில் லண்டனில் காஸ்பரோவைக் கிராம்னிக் முடக்கிப்போட்ட அதே பழைய சுவர். நாலாவது ஆட்டம் அதில் சமன். ஆறாவதில் கார்ல்சன் வென்றார். வெள்ளைக்கு ஆடியவர் ஆனந்த்.