தோல்காரர் வீட்டில் தங்கிய சுவிசேஷம்

ஆம்பூர் சபைக்கு எந்த ஐயர் வந்தாலும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிரசங்கத்தில் யோப்பா பட்டணத்துக்குப் போய்விடுவார். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு அங்கே சீமோன் என்பவர் வீட்டில் தங்குகிறார். சீமோன் தோல் பதனிடுகிறவர். யூதர் கண்ணில் அது தீட்டுத் தொழில். அந்த வீட்டு மாடியில் இருக்கும்போதுதான், புறஜாதியாரையும் தள்ளக்கூடாது என்ற தரிசனம் பேதுருவுக்குக் கிடைக்கிறது. அந்தப் பிரசங்கத்துக்கு எங்கள் சபையில் யாரும் தூங்கமாட்டார்கள். "நாத்தம் தாங்காமத்தான் அவனுக்குக் கடலோரமா வீடு குடுத்திருப்பாங்க" என்பார் என் தாத்தா. பாலாற்றங்கரை டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்ற மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்துப் பக்குவம் எல்லாம் பட்டையில்தான். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் கழிப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர், கடைசியில் கடுக்காய். அரைப்பதத் தோலாகச் சென்னைத் துறைமுகம் போய் லண்டன் சந்தையில் ஏலமாகும். முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரிகள், குழியில் நிற்பவர்கள் பெரும்பாலும் சேரி ஜனங்கள்.

இந்த ஜனங்களிடம் லுத்தரன் சபை வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய வேலை பின்னாளில் லைப்சிக் மிஷன் கைக்குப் போயிற்று. அதில் இருந்த தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியர், வேதம் முழுவதும் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதில் மிஷன் தளர்ந்துவிட்டது என்று சண்டை போட்டு 1890களின் தொடக்கத்தில் வெளியேறினார்கள். அமெரிக்காவின் மிசூரி சினாட் அவர்களை ஏற்றுக்கொண்டு 1894இல் மிஷனரிகளாகப் பிரதிஷ்டை செய்தது. மறுவருஷம் கிருஷ்ணகிரிக்கு வந்தார்கள். அங்கிருந்து மோன் ஆம்பூருக்கு வந்தார். நேத்தர் 1904இல் பிளேக்கில் செத்துப்போனார். ஐரோப்பியப் பண்டிதர்கள் புத்தகத்தைப் பற்றிப் போட்ட சண்டையின் பலன், அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத எங்கள் முப்பாட்டன்மாருக்குக் கிடைத்தது. சபைச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பக்கத்தில் வேலூரில் ஆற்காடு மிஷன் அதற்கு முன்பே இருந்தது. ஸ்கடர் குடும்பம் 1853இல் அமைத்தது. பள்ளிக்கூடத்தைவிடத் தமிழில் சந்தைக்குச் சந்தை பிரசங்கிப்பதே முதல் வேலை என்று தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியும் காலேஜும்தான் இன்று ஊருக்குத் தெரியும். ஐடா ஸ்கடர் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிச் சேரிகள் கூட்டமாக மதம் மாற முன்வந்தபோது, இவர்கள் வருவது சோற்றுக்கா விசுவாசத்துக்கா என்று மிஷனரிகளுக்கே சந்தேகம் வந்தது.

எனக்கு அந்தச் சந்தேகம் விநோதமாகத்தான் படுகிறது. கிரியையினால் அல்ல, விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு, அதுவும் இலவசம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். சேர வந்தவனிடமோ ஒரு பட்டியலை நீட்டினார்கள். விக்கிரகத்தை விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகக்கூடாது, செத்த மாட்டு இறைச்சி ஆகாது, ஞானோபதேசம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு கூலியை யார் கொடுத்தார்கள்? சேரியில் செத்த மாட்டை விட்டால் வேறு கறி எப்போது கிடைத்தது? கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவில் இலவசம் என்று எழுதிவிட்டு வாசலில் கணக்கப்பிள்ளையை உட்காரவைத்தது போலத்தான் அது இருந்தது.

இருந்தும் ஜனங்கள் உள்ளே போனார்கள், தங்கினார்கள். காரணத்தை நான் என் பாட்டியிடம்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. லூத்தர் 1529இல் எழுதிய சின்ன ஞானோபதேசம் முழுக்க வாயில் இருந்தது. அதில் லூத்தர் விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதிக்கு விளக்கம் சொல்லும்போது, மனுஷனை மீட்ட கிரயம் காசாகக் கட்டப்படவில்லை, கிறிஸ்துவின் இரத்தமாகக் கட்டப்பட்டது என்கிறார். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் உழைத்துத் தீர்க்கும் வீட்டில் பிறந்தவர் பாட்டி. கிரயம், கடன், மீட்பு எல்லாம் அவருக்கு அடமானக்காரன் வாசலில் பழகிய சொற்கள். "கட்டியாச்சுன்னா பத்திரத்தைக் கிழிச்சிடணும். அப்புறம் எவனும் வந்து கேக்கக் கூடாது" என்பார். ஜெர்மனியில் படித்த ஐயர்மார் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆம்பூரில் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் கன்கார்டியா பள்ளிக்கூடமும் மிசூரி மிஷனால் வந்தவை. 1958இல் மிஷன் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன் காலில் நின்றது. தாத்தாவின் பிள்ளைகளில் யாரும் சுண்ணாம்புக் குழியில் இறங்கவில்லை. ஜாதி மட்டும் கூடவே வந்தது. ஊர்க்காரன் கண்ணுக்கு லுத்தரன் சபை என்றால் சேரிக் கோயில்தான்.

அரசாங்கத்தின் கணக்கு வேறு. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.