விற்பனைப் பட்டியலில் இல்லாத ஆலை: நோக்கியா, மைக்ரோசாஃப்ட், ஸ்ரீபெரும்புதூர்

2013 செப்டம்பர் 3 அன்று பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் தன் கைப்பேசிப் பிரிவை அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு விற்க ஒப்புக்கொண்டதாக அறிவித்தது. விலை 544 கோடி யூரோ. அதில் 379 கோடி கைப்பேசிப் பிரிவுக்கு. 165 கோடி காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்திற்கு. வணிகவியல் வகுப்புகளில் இந்நிகழ்வு இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. ஆயின் அப்பாடம் பெரும்பாலும் எஸ்பூ, ரெட்மண்ட் என்னும் இரு தலைமையகங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் அதில் ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெறுகிறது. நோக்கியாவின் மிகப்பெரிய ஆலைகளுள் ஒன்றாக இருந்தும், கைமாறிய சொத்துகளின் பட்டியலில் அவ்வாலை இறுதிவரை சேரவில்லை. அது ஏன் சேரவில்லை, சேர்ந்திருந்தால் பிழைத்திருக்குமா என்ற இரு வினாக்களும் தனித்தனியே ஆராயத்தக்கவை. பொதுவெளியில் இவை இரண்டும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன.

நோக்கியா 1865இல் ஒரு மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. பின்னர் ரப்பர், மின்கம்பி, மின்னணுவியல் என மாறி, 1990களின் இறுதியில் உலகின் முதன்மையான கைப்பேசி நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவில் கைப்பேசி எளிய மக்களின் கைக்கு வந்த காலமும் நோக்கியாவின் உச்சகாலமும் ஒன்றே. 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுடன் அந்நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது முதலமைச்சர் ஜெயலலிதா. நடுவண் அரசில் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தயாநிதி மாறன். ஆலையைக் கொண்டுவந்த பெருமைக்கு இரு கழகங்களும் உரிமை கோரியதன் பின்னணி இதுவே. சிப்காட் தொழிற்பூங்காவில் 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, வரிச் சலுகைகள், தடையற்ற மின்சாரம் ஆகியவை ஒப்பந்தத்தின் கூறுகள். 2006 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிற்று. உதிரிப்பாகங்களும் மின்னேற்றிகளும் செய்த ஃபாக்ஸ்கான், சால்காம்ப் முதலிய நிறுவனங்கள் அதே வளாகத்திலேயே அமைந்தன.

உச்ச நிலையில் நோக்கியா ஆலையில் மட்டும் சுமார் 8,000 பேர் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளர்கள். நிறுவனப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று அவர்களை ஏற்றி வந்தன. ஆய்வாளர் மதுமிதா தத்தா இப்பெண்களோடு உரையாடி உருவாக்கிய ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’ என்னும் ஒலித்தொடர், பின்னர் நூலாகவும் வந்தது. வேலை, கூலி, திருமணம், சாதி, வாடகை அறை எனப் பலவற்றையும் அப்பெண்கள் தம் சொற்களிலேயே பேசிய அரிய ஆவணம் அது. ஆலையின் வாழ்வு ஏற்றமாக மட்டும் இருந்ததில்லை. ஊதிய உயர்வுக்கும் சங்க உரிமைக்கும் 2009, 2010 ஆண்டுகளில் நோக்கியாவிலும் ஃபாக்ஸ்கானிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010இன் இறுதியில் நோக்கியா ஆலையில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். ஆலையின் வரலாற்றை எழுதுவோர் இவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதற்கிடையில் உலகச் சந்தை மாறியது. 2007இல் ஐஃபோன் வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு வந்தது. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீஃபன் ஈலாப் நோக்கியாவின் தலைமைச் செயல் அலுவலராக வந்தார். 2011 பிப்ரவரியில் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனைத் தழுவுவதாக அவர் அறிவித்தார். புதிய தளம் சந்தையில் வேரூன்றுமுன் பழைய தளத்தின் விற்பனை சரிந்தது. 2012இல் சாம்சங் முதலிடத்தைப் பிடித்தது. நோக்கியாவின் கைப்பேசிகளை நம்பியே விண்டோஸ் ஃபோன் நின்றதால், நோக்கியா வேறு தளத்துக்குத் தாவினால் தன் முயற்சி வீழும் என மைக்ரோசாஃப்ட் அஞ்சியது. விற்பனை முடிவின் பின்னணியில் இவ்விரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சார்ந்திருந்த நிலை உண்டு.

ஸ்ரீபெரும்புதூரின் தனிக்கதை இந்த இடத்தில் பிரிகிறது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறையினர் ஆலையில் ஆய்வு நடத்தினர். மார்ச் மாதம் சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டு அறிவிக்கை வந்தது. வழக்கின் மையம் மென்பொருள். ஒவ்வொரு கைப்பேசியிலும் ஏற்றப்படும் இயக்க மென்பொருளைப் பின்லாந்துத் தாய் நிறுவனம் அனுப்பியது. அதற்கு இந்திய நிறுவனம் பணம் செலுத்தியது. அப்பணம் ஒரு பொருளை வாங்கியதற்கான விலையா, ஓர் உரிமையைப் பயன்படுத்தியதற்கான உரிமத்தொகையா? விலை என்றால் இந்தியாவில் வரிப்பிடித்தம் தேவையில்லை. உரிமத்தொகை என்றால் பணம் அனுப்பும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும். முன்னது என நிறுவனமும் பின்னது எனத் துறையும் வாதிட்டன. 2012ஆம் ஆண்டு நிதிச் சட்டம் துறையின் கையை வலுப்படுத்தியிருந்தது. கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் ‘ராயல்டி’ என்னும் சொல்லின் வரையறைக்குள் அடங்கும் எனவும், அது 1976 முதலே அடங்கும் எனவும் அச்சட்டம் விளக்கம் சேர்த்தது. 1976இல் எழுதப்பட்ட ஒரு சொல்லின் பொருளை 2012இல் முடிவு செய்து, அம்முடிவைப் பின்னோக்கிச் செலுத்திய நிகழ்வு இது. சட்டமொழியை ஆராய்வோர்க்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

விற்பனை அறிவிப்பு வெளியானதும் வரித்துறை ஆலை உள்ளிட்ட சொத்துகளை முடக்கியது. 2013 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் நிபந்தனைகளுடன் சொத்து மாற்றத்தை அனுமதித்தது. துறை கூடுதலாக 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது. 2014 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம் நோக்கியாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் தமிழ்நாடு வணிகவரித்துறையும் சுமார் 2,400 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதி செய்ததாகக் காட்டப்பட்ட கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது அதன் குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்தது. சலுகைகள் அளித்து ஆலையை அழைத்த அரசும் வரி கேட்ட அரசும் ஒரே முதலமைச்சரின் தலைமையில் அமைந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை நிறைவேறியது. சுமார் 25,000 பணியாளர்கள் மைக்ரோசாஃப்டுக்கு மாறினர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவிடமே தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்து தரும் ஆலையாக மட்டும் அது இயங்கியது. அதற்கு முன்னரே, மார்ச் இறுதியில், தொழிலாளர்கள் சென்னையில் ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தனர். நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. 5,000க்கும் மேற்பட்டோர் அதனை ஏற்றனர். ‘விருப்ப ஓய்வு’ என்னும் சொற்றொடர் இங்குத் தன் பொருளை முற்றிலும் இழக்கிறது. ஏற்றவர்களுள் மிகப்பலர் முப்பது வயதை எட்டாதவர்கள். ஓய்வுக்குரிய வயதினர் அல்லர். ஆலை எவ்வளவு காலம் நடக்கும் எனத் தெரியாத நிலையில் கிடைத்ததைப் பெற்றுக்கொண்ட செயலை விருப்பம் எனக் கூறுவதும் அரிது. இருப்பினும் பதிவேட்டில் அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களாக இடம்பெறவில்லை; தாமே விலகியவர்களாகவே இடம்பெற்றனர். ஒரு சொல் ஆயிரக்கணக்கானோரின் வேலையிழப்பைப் புள்ளிவிவரத்திலிருந்து நீக்கிவிட்டது. 2014 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகத் தெரிவித்தது. நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எஞ்சியிருந்தோர் 900 பேர் அளவினர். டிசம்பரில் அருகிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

இக்காலத்தை ஹைதராபாத் வேறுவிதமாக நினைவுகொள்கிறது. ஹப்சிகுடாவிலிருந்து மேற்கே செல்லும் மெட்ரோ தடம் பேகம்பேட்டை வழியாக ராயதுர்க்கத்தில் முடிகிறது. சத்யா நாதெள்ளா பயின்ற ஹைதராபாத் பப்ளிக் பள்ளி பேகம்பேட்டையில் உள்ளது. 1998இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்டின் இந்திய மேம்பாட்டு மையம் ராயதுர்க்கத்தைத் தாண்டிய கச்சிபௌலியில் உள்ளது. 2014 பிப்ரவரி 4 அன்று நாதெள்ளா மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அலுவலரானபோது இந்நகரம் கொண்டாடியது. நோக்கியாவை வாங்கும் முடிவைத் தாம் எதிர்த்ததாக 2017இல் வெளியான தம் நூலில் அவர் எழுதுகிறார். வாங்கியதன் விளைவுகளைக் கையாளும் பொறுப்பு அவரிடமே வந்தது. 2014 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 18,000 ஆட்குறைப்பில் ஏறத்தாழ 12,500 நோக்கியாவிலிருந்து வந்தவர்களுடையது. அந்த எண்ணிலும் ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்கள் இல்லை. மைக்ரோசாஃப்டுக்காகக் கைப்பேசி செய்தபோதும் அவர்கள் அந்நிறுவனத்தின் பணியாளர்களாக இருந்ததில்லை. கச்சிபௌலியின் பொறியாளர்க்கு இருந்த நிறுவன உறவு அவர்களுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், வழக்கில் முடங்கிய ஒரு சொத்தின் மேல் அவர்கள் வேலை செய்தமையே.

அப்படியாயின் வரிவழக்கே ஆலையைக் கொன்றதா? தமிழ்நாட்டில் வலதும் இடதும் வெவ்வேறு காரணங்களுக்காக இவ்விடையையே விரும்புகின்றன. தொழில்துறையினர் வரித்துறையின் அத்துமீறலைச் சுட்டுகின்றனர். சங்கத்தினரோ சலுகைகளை அனுபவித்துவிட்டு வரி கட்டாமல் வெளியேறிய நிறுவனத்தைச் சாடுகின்றனர். ஒப்பீட்டுச் சான்றுகள் இவ்விடையை ஐயுறச் செய்கின்றன. ஹங்கேரியின் கொமாரோம் ஆலை எந்த வழக்கும் இன்றி மைக்ரோசாஃப்டிடம் சென்றது. அதே 2014இல் அதனை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பின்லாந்தின் சாலோ மையத்தை மூடும் முடிவு 2015இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நோக்கியா கொள்முதல் தொடர்பாக 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் இழப்பாகக் கணக்கெழுதியது. அது வாங்கிய விலையையே விஞ்சிய தொகை. 2016 மே மாதத்தில் எளிய கைப்பேசி வணிகத்தை ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனத்திற்கும் எச்எம்டி குளோபலுக்குமாக 35 கோடி டாலருக்கு விற்க முடிவு செய்தது. அவ்விற்பனையில் வியட்நாம் ஆலை மட்டும் உயிரோடு கைமாறியது. பட்டியலில் சேர்ந்திருந்தால் ஸ்ரீபெரும்புதூர் வியட்நாமைப் போலப் பிழைத்திருக்கலாம். கொமாரோமைப் போல அவ்வாண்டே மூடப்பட்டும் இருக்கலாம். சான்றுகள் அனுமதிக்கும் முடிவு இவ்வளவே: ஆலையின் அழிவைச் சந்தை பெரிதும் தீர்மானித்தது, அழிவின் முறையை வழக்கு தீர்மானித்தது. யார் மூடினார், யாரிடம் இழப்பீடு கேட்பது, எந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்வது என்பனவெல்லாம் அம்முறையைச் சார்ந்தவை. தொழிலாளர்க்கு அவை சிறியவை அல்ல.

வழக்கின் முடிவும் அறியத்தக்கது. இந்தியா, பின்லாந்து ஆகிய இரு அரசுகளின் பரஸ்பர உடன்பாட்டு நடைமுறையின்கீழ் 2018இல் அது தீர்க்கப்பட்டது. நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் செலுத்தியது. 2021 மார்ச் 2 அன்று வேறொரு வழக்குத் தொகுப்பில், வெளிநாட்டு மென்பொருளை விற்கவோ பயன்படுத்தவோ செலுத்தும் பணம், வரி ஒப்பந்தங்களின்படி பதிப்புரிமைக்கான உரிமத்தொகை ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோக்கியா வழக்கின் உண்மைகள் வேறானவை. அத்தீர்ப்பு அவ்வழக்கை நேரடியாகத் தொடவில்லை. ஆனால் 2013இல் ஐயமற்றதாகத் துறை முன்வைத்த வரையறை, எட்டே ஆண்டுகளில் நிலைபெறாமல் போனது. அதற்குள் ஆலை மூடி ஆறாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

2019இல் சால்காம்ப் அவ்வளாகத்தை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கு மீண்டும் இயந்திரங்கள் ஓடின. ஃபாக்ஸ்கான் இன்று அதே வட்டாரத்தில் ஐஃபோன் செய்கிறது. மின்னணு ஏற்றுமதியில் தமிழ்நாடு நாட்டின் முதல் மாநிலம். உற்பத்தி வரிசையில் இன்றும் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே நிற்கின்றனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காக அவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும்போது முதலீட்டுத் தொகையும் வேலைகளின் எண்ணிக்கையும் செய்தியாகின்றன. ஆலை கைமாறினாலோ மூடப்பட்டாலோ அதில் பணிபுரிவோரின் உரிமை யாரைச் சாரும் என்னும் விதி அவ்வொப்பந்தங்களில் உண்டா என்று கேட்பது, 2014இல் விருப்ப ஓய்வு பெற்றவர்களின் வரலாற்றிலிருந்து இன்றைய ஆய்வாளர் பெறத்தக்க முதற்பாடம்.