408 பேட்டரி வீடும் எங்க தோட்டத்து வீடும்

போன ஐப்பசியில மூணு ராத்திரி எங்க தோட்டத்து வீட்டுல கரண்ட் இல்லைங்க. மழையில லைன் மேல தென்னை சாஞ்சிடுச்சு. ரெண்டாவது ராத்திரி அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கிக் குடுக்கிற மெஷின் மேசை மேல சும்மா கிடக்குது. நடுச்சாமத்துல கார்ல ஏத்திக்கிட்டு டவுனுக்கு ஓடினோம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், வீட்டுக்குன்னு கொஞ்சம் சொந்தக் கரண்ட் வேணும்.

சோலாரா, காத்தாடியா, ரெண்டுமான்னு தேடப்போனா, இந்த ஆசைக்கு நூத்தி முப்பது வயசுக்கு மேல ஆகுதுன்னு தெரிஞ்சுது.

1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், மேரிகிர்க் கிராமத்தில் இருந்த தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாடியை நிறுத்தி, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கேற்றினார். மீந்த கரண்டைத் தெருவிளக்குக்குத் தர்றேன்னாராம். 'பிசாசு வேலை'ன்னு ஊர்க்காரங்க வேண்டாம்னுட்டாங்களாம்!

அடுத்த வருஷமே அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரத்தில் சார்லஸ் பிரஷ் தன் மாளிகைக்குப் பின்னால் ஒரு ராட்சதக் காற்றாடி வைத்தார். விட்டம் 17 மீட்டர், தேவதாரு மரத்தில் 144 இறக்கைகள். அத்தனை பெரிசு இருந்தும் அதிகபட்சம் 12 கிலோவாட்தான். சுமார் 20 வருஷம் அந்த வீட்டுக்கு வெளிச்சம் தந்தது. எனக்கு ஆச்சரியம் அந்தக் காத்தாடி இல்லைங்க, நிலவறையில் அவர் அடுக்கி வைத்திருந்த 408 பேட்டரிக் கலங்கள். காத்து நின்னாலும் விளக்கு நிக்கக்கூடாதுன்னு யோசிச்ச மனுசன்.

1920-களில் மொன்டானா மாநிலத்துப் பண்ணைக்காரங்க ஜேக்கப்ஸ் சகோதரர்கள் மூன்று இறக்கைக் காற்றாடி செய்தார்கள். அதில் 32 வோல்ட்டில் பல்பும் ரேடியோவும் ஓடின. லைன் போகாத ஆயிரக்கணக்கான பண்ணைகள் அதை வாங்கின. 1936-ல் கிராம மின்மயச் சட்டம் வந்தது. மலிவான லைன் கரண்ட் வர வர, காத்தாடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கன் சோலார் செல், வெயிலில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்னைக்கு நாம வாங்குற பேனல் சுமார் 20 சதவீதம் மாத்துது.

இதுல எனக்குக் கிடைச்ச பாடம்: கரண்டை உண்டாக்குறது பாதி வேலை, சேமிச்சு வைக்கிறது மீதி. டவுன்ல மாடியில சோலார் போட்டவங்களுக்கும் இதைச் சொல்றேன். பேட்டரி இல்லாம லைனோட மட்டும் இணைச்ச சோலார், கரண்ட் போனா அதுவும் நின்னுடும். கம்பத்துல வேலை செய்றவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க.

எங்க வயலைத் தாண்டிப் பெரிய காத்தாடிகள் சுத்துது. ஆனா அதெல்லாம் வானத்துல நிக்குது. காத்து வேகம் பாதியானா கிடைக்கிற கரண்ட் எட்டுல ஒரு பங்குதான். வீடோ தென்னைகளுக்கு நடுவுல. போதாக்குறைக்கு, ஆடியில பேயா அடிக்கிற காத்து, லைன் அறுந்து விழுற ஐப்பசியில அடங்கிடும். அதனால காத்தாடியை விட்டுட்டேன்.

அப்புறம் நோட்டுல கணக்கு. 28 வாட் ஃபேன் மூணு, எட்டு மணி நேரம். 9 வாட் பல்பு ஆறு, அஞ்சு மணி நேரம். டிவி, செல்போன், அம்மாவோட மெஷின். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒண்ணேகால் யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில்ல நாலு யூனிட் வரை தரும். மூட்டமான நாள்ல கால்வாசி வந்தாக்கூட டிவியை அணைச்சுட்டுச் சமாளிச்சுடலாம். 150 ஆம்பியர் பேட்டரி ரெண்டு. பாதி வரை இறக்கினா ஒண்ணே முக்கால் யூனிட் கிடைக்கும், ஒரு ராத்திரிக்குத் தாராளம்.

மோட்டார், கிரைண்டர் எல்லாம் லைன்லயே இருக்கட்டும். 408 பேட்டரி எனக்கு வேண்டாமுங்க. இந்த ஐப்பசியில அந்த மெஷின் ஓடணும், அவ்வளவுதான்.