தமையனுக்கு நிலம், தங்கைக்குச் சீர்

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், பாலக்கோட்டைக் கடந்து வருவது மாரண்டஹள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் வட்டாரம். மொழி மூன்றாயினும், பெற்றோர் பிள்ளைகட்குப் புகட்டும் பாடம் ஒன்றே: "அண்ணன் குடும்பத்துக்குரியவன், தங்கை போகிறவள்." களை எடுத்ததும் தக்காளிக் கூடை சுமந்ததும் இருவருந்தாம். எனினும் நிலம் அவனுக்கு, அவளுக்கோ சீர்!

இந்தப் பாடம் மண்ணில் முளைத்ததா? ஏட்டிலும் இருந்தது, தோழர்களே. கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம், பிறந்த கணமே மகனுக்குப் பாட்டன் சொத்தில் பங்குண்டு என்றது. மகளுக்கு அப்பிறப்புரிமை இல்லை. வெள்ளையர் நீதிமன்றங்களும் அந்த ஏட்டையே சட்டமாகக் கொண்டன.

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் பங்கில் மகளுக்கு இடமளித்தது; கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரவில்லை. ஆந்திரம் 1986இலும், தமிழகம் 1989இலும் அதனைத் தந்தன. ஆயினும் 1989 மார்ச் 25க்கு முன் மணமானவளுக்கு அது கிட்டவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! 2005ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் கோட்டை அழித்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கியது.

சட்டம் வந்தது, பெற்றோர் மனம் வந்ததா? "பங்கு கேட்டால் பிறந்தகத்து வாசல் அடைபடும். உன் பிள்ளைக்குக் காதுகுத்த எந்த மாமன் மடி தருவான்?" என்கின்றனர். மகள் பத்திரப்பதிவு அலுவலகம் சென்று கையொப்பமிடுகிறாள். அந்த ஏட்டின் பெயர் விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை என்று நாம் கேட்கமாட்டோமா?

அவளை ஏமாளி என்று நாம் எள்ளிவிட முடியாது. கணவன் அடித்துத் துரத்தினால் அவள் ஓடிவர வேறு திண்ணை ஏது? அந்தத் திண்ணைக்காகத்தான் நிலத்தை விலையாகக் கொடுக்கிறாள். தாயும் தன் அண்ணனுக்கு அப்படியே கொடுத்துவிட்டு வந்தவள். ஆகவே அதனைப் பாசம் என்றே நம்புகிறாள். மகனோ, தங்கை பங்கு கேட்பதைத் திருட்டென்று எண்ணியே வளர்கிறான். தம்பிக்குப் பாதி நிலம் பிரித்துக் கொடுத்தபோது அறுந்துபோகாத உடன்பிறப்பு, தங்கைக்குக் கொடுத்தால் மட்டும் அறுந்துபோகுமென்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?