மூன்று ஈக்கள்

சில பழைய நூல்களுக்கு அட்டையே முதற் சாசனம். கூரைமுகடு போன்றதொரு பட்டையும் அதனைச் சூழ மூன்று ஈக்களும் கேடயத்திற் பொன்னாற் பொறிக்கப்பட்ட தோலட்டையை நாம் காண்போமாயின், அந்நூல் பாரிஸ் நகரத்து நீதிபதியும் வரலாற்றாசிரியருமான ழாக் ஒகுஸ்த் து தூ (1553–1617) என்பாரின் நூலகத்தைச் சேர்ந்ததென அறியலாம். அவர் மணம் புரிந்ததும் மனைவியின் குலச்சின்னமும் அருகே இடம்பெற்றது. 1601இல் அவ்வம்மையார் இறக்க, மறுமணத்தோடு அச்சின்னமும் மாறிற்று. ஆதலின் கேடயங்களை நோக்கியே நூல் கட்டப்பட்ட காலத்தை ஏறக்குறையக் கணித்துவிடுகின்றோம். தோலைப் பதனிட்டவன் யார், பொன்னிழைத்தவன் யார் என்பதை மட்டும் அட்டை சொல்வதில்லை!

சமயப் போரினாற் சிதைந்த பிரான்சில், 1598ஆம் ஆண்டின் நாந்த் ஆணைக்காக உழைத்தவர் து தூ. தாம் கத்தோலிக்கராயிருந்தும் புரட்டஸ்தாந்தரைப் பகையின்றி நோக்கிய அவரது வரலாற்று நூலை 1609இல் ரோமாபுரி தடைசெய்தது. தமது நூலகம் பிரிக்கப்படலாகாது, விற்கப்படலாகாது, அறிஞர்க்குப் பயன்படல் வேண்டும் என அவர் மரணசாசனத்தில் விதித்தார்.

விதித்தென்ன? மூத்த மகன், ரிசலியூவுக்கெதிரான சதியை அறிந்தும் மறைத்தான் என்று 1642இற் சிரச்சேதம் செய்யப்பட்டான். பின்னர் கடன் முற்றியது. 1680 அளவில் நூல்கள் மெனார் பிரபுவிடம் சென்றன; 1706இல் ரோஆன் கர்தினாலிடம்; அவரிடமிருந்து சுபீஸ் இளவரசரிடம். பரம்பரைச் சொத்துக்கு வேறு கதியேது? புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டிலேயே அவை ஏலத்திற் சிதறின.

இன்றும் அவற்றுளொன்று ஏலத்திற்கு வருமாயின், விலையை ஏற்றுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் எழுத்தன்று. அந்த மூன்று ஈக்களே.