பெயர் இல்லாத போர்க்களங்கள்: காவேரிப்பட்டணம் முதல் திருவண்ணாமலை வரை ஒரு நாள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

பிளாசிப் போர் எப்போது என்று கேட்டால் உங்களில் பலர் தூக்கத்தில் எழுப்பினாலும் 1757 என்று சொல்வீர்கள். பக்சார் 1764. சரி, காவேரிப்பட்டணத்துச் சண்டை எப்போது? செங்கம் சண்டை எப்போது? இரண்டும் 1767. காரிமங்கலத்திலிருந்து காவேரிப்பட்டணம் டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஹைதர் அலியும் ஆங்கிலக் கம்பெனியும் தங்கள் முதல் போரில் மோதிக்கொண்டது வடக்கே எங்கோ அல்ல, நாம் மாங்காய் ஏற்றிப் போகும் இந்தச் சாலைகளில்தான். பாடப்புத்தகத்தில் 'முதல் மைசூர்ப் போர்' என்று ஒரு பத்தி வரும். அந்தப் பத்தி நடந்த மண் நம் காலடியில் இருக்கிறது.

அந்த வழியை ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர்களும் பழைய மாணவர்களுமாகப் பதினான்கு பேர் ஒரு வேனில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வழிகாட்டியாக வந்தவர் கல்வெட்டு படிக்கத் தெரிந்த என் நண்பர். 1767 ஆகஸ்ட் கடைசியில் கம்பெனிப் படை எந்த வழியாகப் பின்வாங்கியதோ, அதே வழியில் நம்மை அழைத்துப் போவது என்று அவர் திட்டம் போட்டிருந்தார்.

முதலில் பின்னணி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகள் உள்ள நாடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு, அதாவது ஆற்காடு நவாப்பின் நாட்டுக்கு, இறங்கி வர வேண்டுமானால் இங்குள்ள கணவாய்களைத் தாண்டித்தான் வர வேண்டும். பாராமகால் யார் கையிலோ, வாசல் சாவி அவர் கையில். 1767 தொடக்கத்தில் கம்பெனியும் ஹைதராபாத் நிஜாமும் கூட்டுச் சேர்ந்து ஹைதரை எதிர்த்தார்கள். சில மாதங்களிலேயே நிஜாம் கட்சி மாறி ஹைதரோடு சேர்ந்துகொண்டார். கம்பெனியின் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித் கிருஷ்ணகிரி அருகே ஏறத்தாழத் தனியாக மாட்டிக்கொண்டார்.

எங்கள் முதல் நிறுத்தம் காவேரிப்பட்டணம். தென்பெண்ணைக் கரையில் நின்றபடி நண்பர் சொன்ன முதல் செய்தியே எங்களுக்கு வியப்பாக இருந்தது. இந்தப் போரில் ஹைதர் கொடுத்த முதல் பெரிய அடி பீரங்கியால் விழுந்ததல்ல. 1767 ஆகஸ்ட் 25 அன்று ஹைதரின் குதிரைப்படை கணவாய் வழியாக இறங்கி வந்து, மேய்ந்துகொண்டிருந்த கம்பெனிப் படையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. மீட்கப் போன கம்பெனிக் குதிரைவீரர்கள் அடி வாங்கித் திரும்பினார்கள்.

மாடு போனால் என்ன என்று நினைக்காதீர்கள். அன்றைய படைக்கு மாடுதான் லாரி, மாடுதான் டிராக்டர். பீரங்கியை இழுப்பது மாடு, குண்டு மருந்தைச் சுமப்பது மாடு, அரிசி மூட்டை வருவதும் மாட்டின் முதுகில். மாடு இல்லாத படை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஸ்மித்தின் படை நகர முடியாமல் நின்ற அந்த இரண்டு மூன்று நாளில், ஹைதர் காவேரிப்பட்டணத்தை முற்றுகையிட்டு எடுத்துக்கொண்டார். நம் காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் ஒரு ஜோடி உழவு மாட்டைச் சுற்றி எத்தனை பேர் நின்று பல் பிடித்துப் பார்க்கிறார்கள்! ஆலம்பாடி மாடுகள் பிறந்த மாவட்டம் இது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஜோடியின் விலை ஓர் அரசின் தலைவிதியாகவும் இருந்திருக்கிறது. மைசூர்க்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பீரங்கி இழுக்கவென்றே மாடு வளர்த்தார்கள். அந்த இனத்துக்கு அம்ரித் மகால் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அடுத்து கிருஷ்ணகிரிக் கோட்டை. சையத் பாஷா மலை என்று உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் இளையவர்கள் மேலே போய் வந்தார்கள். முழங்கால் ஒத்துழைக்காத நான் பாதியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மலையைப் பார்த்தாலே தெரியும், ஏறிப் பிடிக்கிற கோட்டை அல்ல இது. 1767 கோடையில் கம்பெனி இதைத் தாக்கித் தோற்றது. 1768இல் கோட்டைக்கு எதுவும் போகவிடாமல் சுற்றி வளைத்து, பட்டினி போட்டுத்தான் பிடித்தது. பிறகு உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் மறுபடியும் வந்தார்கள். கீழே ஊரைப் பிடித்தார்கள். மேலே ஏறும்போது கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகளும் நொறுங்கின, ஏறியவர்களும் நசுங்கினார்கள். அத்தோடு முயற்சியைக் கைவிட்டார்கள். நான் சாய்ந்திருந்த பாறை எப்போது எங்கிருந்து உருண்டு வந்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது.

கிருஷ்ணகிரியில் சிற்றுண்டி முடித்து, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்துக்குப் போனோம். இதுதான் ஸ்மித் போன திசை. திருச்சியிலிருந்து கர்னல் வுட் தலைமையில் வந்துகொண்டிருந்த இன்னொரு படையோடு அவர் சேர்ந்தாக வேண்டும். சேரவிடாமல் தடுக்க ஹைதரும் நிஜாமும் பின்தொடர்ந்தார்கள். மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இந்தக் கணவாயில், 1767 செப்டம்பர் 3 அன்று இரு படைகளும் மோதின. வழியை ஆளும் குன்றை யார் முதலில் பிடிப்பது என்பதுதான் போட்டி. கம்பெனியின் சிப்பாய்கள் பிடித்தார்கள், பிடித்ததை விடவில்லை.

கம்பெனிப் பக்கம் ஏறத்தாழ 7,000 பேர், எதிர்ப்பக்கம் 70,000 பேர் என்று ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். வென்றவன் கணக்கெழுதினால் எதிரியின் எண்ணிக்கை கொஞ்சம் பெருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் அது பெரிய வெற்றிதான். ஆனால் வென்றவர்களுக்குச் சோறு இல்லை. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே குதிரைப்படை வந்து அவர்களின் அரிசி மூட்டைகளைக் கொள்ளையடித்துவிட்டது. களத்தில் வென்ற படை, பசியோடு இரவெல்லாம் நடந்து மறுநாள் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. அங்கே நவாப் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்ன அரிசியும் இல்லை.

இங்கேதான் வேனில் என் பேத்தி கேட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, இதுல நாம எந்தப் பக்கம்?"

வேனில் ஆளுக்கொரு பதில். ஹைதர் பக்கம் என்றார் ஒருவர், வெள்ளைக்காரனை எதிர்த்தவர் என்பதால். ஒருவர் இல்லை என்றார். நண்பர் எல்லோரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: "ரெண்டு பக்கமும் நாமதான் பாப்பா." கம்பெனிப் படையில் வெள்ளைக்காரர்கள் சிறு பகுதி. மற்றவர்கள் மதராஸ் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசியவர்கள். ஹைதர் படையிலும் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது எல்லாம் கேட்டிருக்கும். இந்தப் போர்க்காலங்களில் தானியம் சுமந்து போன லம்பாடி மக்கள் யார் விலை கொடுத்தார்களோ அவர்களுக்கு விற்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் அப்பால் இன்னொரு பக்கம் உண்டு. எந்தப் படை வந்தாலும் தொழுவத்து மாட்டையும் குதிர் நெல்லையும் இழந்த குடியானவன் பக்கம். நம் முன்னோர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருந்திருப்பார்கள்.

செங்கத்தைத் தாண்டி ஒரு வயல் ஓரத்தில் வேனை நிறுத்தச் சொன்னார் நண்பர். வேப்பமரத்தடியில் ஒரு கல். வில்லேந்திய வீரன் உருவம், மஞ்சளும் குங்குமமும் பூசி, மாலை போட்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன். நம் பக்கத்திலும் ஊருக்கு ஊர் வேடியப்பன் உண்டல்லவா? இவற்றில் பல பழைய நடுகற்கள்.

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக, ஒரு நூலே வெளியிட்டது. பல்லவர் காலக் கற்கள் அதில் நிறைய. பெரும்பாலானவை சொல்வது ஒரே வகைச் செய்தி: இன்ன அரசன் ஆட்சியின் இத்தனையாவது ஆண்டில், இன்னார் மாடுகளைக் கவர்ந்தபோது அல்லது மீட்டபோது, இன்னார் மகன் இன்னார் பட்டான். இலக்கண வகுப்பில் வெட்சி, கரந்தை என்று படித்தோமே, ஆநிரை கவர்தலும் மீட்டலும், அது ஏதோ புலவர் கற்பனை அல்ல. இந்த வயல்களில் நடந்தது.

எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்ற செய்தியும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1767 போரிலும் ஹைதரின் தாக்குதல் மாடு கவர்ந்துதான் தொடங்கியது. அதே நிலம், அதே வகைச் சண்டை. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆட்கள் பட்டார்கள். ஆனால் ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். மாட்டுக்காரனுக்கு அந்த எண்ணிக்கையும் இல்லை. அதே ஆண்டுக் கடைசியில் ஆம்பூர்க் கோட்டையைக் காத்து நின்ற சிப்பாய்ப் பட்டாளத்துக்கு 'ஆம்பூர்' என்ற ஊர்ப்பெயர் விருதாகக் கிடைத்தது. அதுவும் பட்டாளத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஓர் எருமைக்காரனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்ட ஊரில், இத்தனை பேர் செத்த களத்தில் ஒரு கல்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் திருவண்ணாமலை. கோயில் மதிலை அண்ணாந்து பார்க்கும்போது, அது அந்தக் காலத்தில் கோட்டையாகவும் பயன்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1767 செப்டம்பர் 26 அன்று இந்த ஊரருகே அடுத்த பெரும் போர். நடுவில் இருந்த சதுப்பு நிலத்தைச் சுற்றிப் போக ஸ்மித் படை திரும்பியது. அவர்கள் ஓடுகிறார்கள் என்று எண்ணி ஹைதர், நிஜாம் படைகள் மறிக்க விரைந்தன. இடையில் இருந்த ஒரு குன்று இரண்டையும் மறைத்தது. குன்றைச் சுற்றி வந்தபோதுதான் இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. முடிவு மறுபடியும் கம்பெனிக்குச் சாதகம். சென்னைக்கு அருகே சூறையாடிக்கொண்டிருந்த சிறுவன் திப்பு, செய்தி கேட்டுத் திரும்பினான். அவனுக்கு அப்போது பதினாறு வயது.

ஆனாலும் போரை முடித்தது இந்த வெற்றி அல்ல. 1769இல் ஹைதர் சென்னை வாசலுக்கே போய் நின்று உடன்படிக்கை செய்துகொண்டார். பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். பாராமகால் பழையபடி மைசூருக்கு. கடைசியில் 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு இந்த நாட்டைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பாறை உருட்டிக் காத்த கிருஷ்ணகிரிக் கோட்டையும் காகிதத்தில்தான் கைமாறியது.

பீரங்கி போனபின் அளவுச் சங்கிலி வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். ரயத்துவாரி முறையின் தொடக்கம் நம் பகுதிதான். தருமபுரியில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்த மன்றோ பின்னாளில் மதராஸ் கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரை மேல் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வேன் திரும்பிக் காரிமங்கலம் சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. கம்பெனிப் படை நாள்கணக்கில் பட்டினியோடு நடந்த வழியை, நாங்கள் நான்கு வேளை சாப்பாட்டோடு ஒரே நாளில் முடித்துவிட்டோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்க்களத்தில் செத்தவர்களின் பெயர்களை இனி நம்மால் கண்டுபிடிக்க முடியாது. கல்லில் இருக்கும் பெயர்களையாவது காப்பாற்ற முடியும். உங்கள் ஊர் வேடியப்பன் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள். தாராளமாகக் கும்பிடுங்கள், கும்பிட்டதால்தான் அவை இத்தனை காலம் பிழைத்தன. படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நண்பரிடம் காட்டிப் படித்துச் சொல்கிறேன். பிள்ளைகளைத் தருமபுரி அரசு அகழ்வைப்பகத்துக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். அங்கே வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.